குன்னூர் எலிகளுக்குக் கோபம் வந்த கதை

திமிராம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற, நூற்றைம்பது கிராம்கூடத் தேறாத ஒரு பிராணிக்குத் திமிர் பிடித்துவிட்டதாக அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இந்த வாரம் பத்திக்காரருக்கு எரிச்சல் மூட்ட அது போதுமானதாக இருந்தது.

விஷயம் சின்னதுதான். மூன்றாவது மாடியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஹாம்ஸ்டர் வளர்க்கிறான். பொன்னிறத்தில் வெள்ளைத் திட்டு விழுந்தது. கடைக்காரர்கள் சிரியன் என்று சொல்லி விற்கிற ஜாதி. இத்தனை நாளும் கையில் ஏறி, தோளில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த அது, ஒரு சாயங்காலம் அவனுடைய ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. சோப்பு போட்டுக் கழுவி, டாக்டரிடம் காட்டி, ஊசியும் போட்டாயிற்று. காயத்தைவிடக் கருத்துகள்தான் பெரிதாக இருந்தன. "செல்லம் குடுத்தா இப்படித்தான், தலைக்கு மேல ஏறும்" என்றார் ஒருவர். கடையில் வாங்கியபோது அது ஜோடி. இரண்டில் ஒன்று சீக்கிரமே செத்துப்போனது. ஆகவே, துணையை இழந்த சோகம் என்று ஓர் அம்மாள் அழுகிற முகங்களைப் போட்டு எழுதினார். எலி வளர்க்கச் சங்க விதியில் இடமுண்டா என்று செயலாளர் விசாரித்தார். பையன் ஒருவன்தான் உருப்படியாகக் கேட்டான்: "நான் ஒண்ணுமே பண்ணலையே அங்கிள், அது ஏன் கடிச்சுது?"

பத்திக்காரர் மாடிப்படி ஏறிப் போய்ப் பார்த்தார்.

கூண்டு கண்ணுக்கு அழகு. இளஞ்சிவப்புத் தட்டு, மஞ்சள் குழாய், நீலச் சக்கரம். ஆனால் இந்தப் பத்திரிகையை விரித்துப் போட்டால் கூண்டுக்கு வெளியே பாதி தொங்கும். அடியில் மரத்தூள் இரண்டு விரற்கடைக்கு மேல் இல்லை. முன்பக்கக் கம்பிகளில் ஒரே ஓரிடத்தில் மட்டும் வெள்ளைப் பூச்சு உரிந்து இரும்பு பளபளத்தது. ராத்திரி ராத்திரியாகப் பல்லால் கடித்து வந்த பளபளப்பு. கூண்டு இருந்த இடம் டிவி மேசை, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். சம்பவத்தன்று பையன் டியூஷன் விட்டு வந்து, முட்டை பப்ஸ் தின்ற கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்ததை மேலிருந்து கைவிட்டுத் தூக்கியிருக்கிறான். ஒண்ணுமே பண்ணவில்லை என்பதற்குள் இவ்வளவு இருந்தது.

ஹாம்ஸ்டருக்குப் பார்வை மங்கல். அதற்கு உலகம் மூக்கு வழியாகத்தான் வருகிறது. முட்டை வாசனை அடிக்கிற விரல் அதன் கணக்கில் விரல் அல்ல, தீனி. தூக்கத்தில் தலைக்கு மேலிருந்து இறங்குவது எதுவானாலும் அது பருந்து. இவை போக, வெளியே தெரியாத வலிகள் உண்டு. அதன் முன்பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். தேயாமல் கோணலாக வளர்ந்தால் வாய்க்குள்ளேயே குத்தும். கன்னப்பையில் தீனி சிக்கிச் சீழ் வைக்கும். வயதானால் கட்டி வரும். பெண்ணாக இருந்தால் நான்கு நாளுக்கு ஒரு முறை உடம்பின் சுழற்சி மாறும். சினை பிடித்திருந்தால் 16 நாளில் குட்டி போட்டுவிடும், வீட்டில் இருப்பவர்களுக்குச் சினை என்று தெரிவதற்குள். நேற்று வரை சாதுவாக இருந்தது இன்று கடிக்கிறதென்றால், குணத்தை அலசுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் பல்லையும் வயிற்றையும் காட்டிவிடுவது நல்லது.

துணையை இழந்த சோகத்துக்கு வருவோம். ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோல்ஃப் கேட்டர்மன் குழுவினர் சிரியாவுக்குப் போய், அலெப்போவைச் சுற்றியுள்ள வயல்களில் காட்டு ஹாம்ஸ்டர்களின் வளைகளைத் தேடி அளந்தார்கள். சராசரி ஆழம் 65 சென்டிமீட்டர். எந்த வளையிலும் வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றுக்கு மேல் இல்லை. தாய்க்கும் குட்டிகளுக்குமான உறவே சில வாரங்களில் முறிந்துவிடுகிற இனம் அது. அப்படிப்பட்ட இரண்டை ஒரே கூண்டில் அடைத்து 'ஜோடி' என்று விற்கிறார்கள். கூடுதல் விலையும் வாங்குகிறார்கள். மூன்றாவது மாடியில் செத்துப்போனது எப்படிச் செத்தது என்று யாரும் பார்க்கவில்லை. சோகம் என்று எழுதிய அம்மாளிடம் பத்திக்காரர் தம் சந்தேகத்தைச் சொல்லவும் இல்லை.

கூண்டைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் 1,800 சதுர சென்டிமீட்டரிலிருந்து 10,000 சதுர சென்டிமீட்டர் வரை நான்கு அளவுக் கூண்டுகளில் ஹாம்ஸ்டர்களை வைத்துப் பார்த்தார்கள். கூண்டு சிறுக்கச் சிறுக்கக் கம்பி கடிப்பது கூடியது. அங்கேயே நடந்த இன்னோர் ஆய்வில், 80 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தூள் நிரப்பிக் கொடுத்தவை தோண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டன. கம்பிப் பக்கமே திரும்பவில்லை. நம் கடைகளில் கிடைக்கிற கூண்டில் 80 சென்டிமீட்டர் தூள் போட்டால் கூண்டு புதைந்துபோகும்.

வீட்டில் வளர்க்கிற சிரியன் ஹாம்ஸ்டர் கூட்டத்தின் மூதாதையர் கதை வேடிக்கையும் கொடூரமும் கலந்தது. 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் அலெப்போ பக்கத்துக் கோதுமை வயல் ஒன்றைத் தோண்டவைத்து, எட்டடி ஆழத்தில் ஒரு தாயையும் 11 குட்டிகளையும் பிடித்தார். பெட்டிக்குள் போட்டதும், தன்னருகே வந்த குட்டியின் தலையைத் தாய் கடித்துத் துண்டாக்கியது. தாயை அங்கேயே கொன்றுவிட்டு, மிச்சக் குட்டிகளை அஹரோனியும் அவர் மனைவியும் கையால் வளர்த்தார்கள். ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் அவற்றில் சில கூண்டைக் கடித்துத் தப்பி ஓடிச் செத்தன. எஞ்சிய விரல்விட்டு எண்ணக்கூடிய அண்ணன் தங்கைகள் இனம் பெருக்கி, பின்னால் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களையும் வரவேற்பறைகளையும் நிறைத்தன. அலெப்போ ஹாம்ஸ்டரின் கன்னப்பையில் பீன்ஸ் காய்கள் வரிசையாக அடுக்கியிருந்ததை, 1794இல் தாம் திருத்தி வெளியிட்ட புத்தகத்தில் வியந்து சொன்ன பேட்ரிக் ரஸ்ஸல், அதற்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாக நம் கரைக்கு வந்து பாம்பு பிடித்தவர். கண்ணாடி விரியனின் விலங்கியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது அவர்தான். ஹாம்ஸ்டரில் ஆரம்பித்தால் விரியனில் போய் முடிகிறது. இந்தப் பத்தியின் வழக்கம் வாசகர்கள் அறிந்ததே.

தூக்கம், வாசனை, இடம், வலி என்று பையனுக்குப் பதில் சொல்லியாயிற்று. கூண்டை உள்ளறைக்கு மாற்றவும் அவன் ஒப்புக்கொண்டான். எழுதுவதற்கு இதுவே போதும். ஆனால் கிளம்பும்போது தீனிக் கிண்ணம் கண்ணில் பட்டுத் தொலைத்தது. சூரியகாந்தி விதைத் தோடு ஒரு குவியல். அதற்கு மேல், தொடப்படாத மஞ்சள் மணிகள். மக்காச்சோளம்.

பத்திக்காரருக்கும் மக்காச்சோளத்துக்கும் உள்ள பகை பழையது. தோசைக்குள் ஸ்வீட்கார்ன், ரவா கிச்சடியில் ஸ்வீட்கார்ன், கல்யாணப் பந்தியில் கூட்டு என்ற பெயரில் ஸ்வீட்கார்ன், சினிமா தியேட்டரில் டிக்கெட்டைவிட விலை கூடிய பாப்கார்ன். இதைப் பற்றி இங்கே எழுதியபோதெல்லாம் பெரம்பலூர் பக்கத்து விவசாயிகள் கோபித்துக் கடிதம் போட்டிருக்கிறார்கள். அவர்கள் விளைவிப்பதில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது என்பதும், தோசைக்குள் அதைத் திணித்தது அவர்கள் குற்றமல்ல என்பதும் உண்மை. ஆனாலும் கிண்ணத்தில் அந்த மஞ்சளைப் பார்த்ததும் பத்திக்காரர் மனம் அல்சாஸுக்கு ஓடிவிட்டது.

பிரான்சின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது அல்சாஸ். அங்கே வயலில் வாழ்வது ஐரோப்பிய ஹாம்ஸ்டர். சிரியன் வகையைவிடப் பல மடங்கு பெரியது. ஒரு காலத்தில் பயிரை அழிக்கிறதென்று அடித்துக் கொன்றார்கள். 1993இல் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள். அப்படியும் எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது. அதைக் காப்பாற்றத் தவறியதாக 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரான்சுக்கு எதிராகவே தீர்ப்பு சொன்னது. எலிக்காக ஒரு நாடு கூண்டில் ஏறியது! பலவகைத் தானியமும் புல்லும் இருந்த சமவெளியை மக்காச்சோளம் விழுங்கியிருந்தது. ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தின் மத்தில்த் டிஸ்ஸியே குழுவினர் கூண்டில் வைத்துச் சோதித்தார்கள். சில தாய்களுக்குக் கோதுமையோடு தீவனப்புல்லோ மண்புழுவோ; சில தாய்களுக்கு மக்காச்சோளத்தோடு அவையே. எல்லாத் தாய்களும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் குட்டி போட்டன. கோதுமை தின்றவற்றின் குட்டிகளில் ஐந்தில் நான்கு பங்கு பால்குடி மறக்கும்வரை பிழைத்தன. மக்காச்சோளம் தின்றவற்றின் குட்டிகளில் பிழைத்தவை 5 சதவீதம்.

மிச்சத்தைத் தாய்கள் தின்றுவிட்டன. பிறந்த குட்டிகளை உயிரோடு இழுத்துக்கொண்டு போய், சேர்த்துவைத்த மக்காச்சோளக் குவியலோடு சேர்த்து வைத்து, பிறகு தின்றன. கூண்டுக்குள் வட்டமடித்து ஓடின. நாக்கு வீங்கிக் கறுத்தது. 2017இல் வெளிவந்த அந்த ஆய்வு காரணத்தையும் சொன்னது: பி3 வைட்டமின், அதாவது நயாசின் பற்றாக்குறை. அந்த வைட்டமினைச் சேர்த்துக் கொடுத்ததும் தாய்கள் தாய்களாக நடந்துகொண்டன.

மூன்றாவது மாடிக் கிண்ணத்துக்கும் இதற்கும் நேர்ச் சம்பந்தம் கிடையாது. பாக்கெட் தீனியில் பத்து தானியம் கலந்திருக்கிறது. பையனின் ஹாம்ஸ்டர் மக்காச்சோளத்தைத் தொடவும் இல்லை. அதன் கடிக்குக் காரணம் முட்டை பப்ஸ்தான். ஆனால் "கொழுப்பு", "திமிர்", "ரத்தத்துலயே இருக்கு" என்று நாம் எடுத்தவுடன் சொல்கிற இடத்தில், என்ன தின்றது என்று கேட்ட ஒரு மனிதர் நீலகிரி மலையில் இருந்தார். சரி, மறுபடியும் மெக்கரிசனா என்று பெருமூச்சு விடுகிறவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

ராபர்ட் மெக்கரிசன் வட அயர்லாந்துக்காரர், இந்திய மருத்துவச் சேவை அதிகாரி. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்கு ஒரே ஓர் அறை கொடுத்தார்கள், பெரிபெரி நோயை ஆராய. அந்த ஓர் அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமானது. 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. சிம்ஸ் பூங்காவுக்கு வருகிற சுற்றுலா பஸ்களுக்கு, அருகிலுள்ள பாஸ்டர் நிறுவனம் கண்ணில் படுவதே இல்லை.

பத்திக்காரரின் கட்டிலோரத்தில் கிடக்கும் மெக்கரிசனின் புத்தகம், 1936இல் அவர் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளின் அச்சு. அதில் வருகிற எலிகளைப் பத்திக்காரரால் மறக்க முடிவதில்லை. மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை அப்படியே சமைத்து எலிகளுக்குப் போட்டார். ஏழு கூட்டம், ஏழு சாப்பாடு. முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் காய், எப்போதாவது இறைச்சி என்ற சீக்கியச் சாப்பாட்டில் வளர்ந்த எலியின் சராசரி எடை 235 கிராம். தீட்டிய அரிசியை நம்பிய 'மதராஸி' சாப்பாட்டு எலி 155 கிராம். ஏழில் நாம் கடைசி. வங்காளிகள்கூட நமக்கு மேலே.

இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் பத்திக்காரருக்கு ரோஷம் வரும். வரவேண்டியதுதான். பஞ்சாபியும் பட்டாணியரும் மேலே, தெற்கும் கிழக்கும் கீழே என்ற அந்த வரிசை, வெள்ளைக்காரன் ராணுவத்துக்கு ஆள் எடுத்த 'போர்க்குடி' வரிசையோடு அச்சாகப் பொருந்துகிறது. வெவ்வேறு ஊர்க்காரர்கள் தின்ற சாப்பாட்டில் ஏழையுடையது எது, பணக்காரனுடையது எது என்ற கேள்வியை மெக்கரிசன் போதுமான அளவு கேட்கவில்லை. எலியின் எடையிலிருந்து மனிதக் கூட்டத்தின் வீரத்துக்குத் தாவியது அறிவியல் அல்ல. அந்தக் காலத்தின் காற்று.

ஆனால் மனிதர் தம் நாட்டுச் சாப்பாட்டையும் விட்டுவைக்கவில்லை. அடுத்த சோதனையில் ஒரு கூட்டத்துக்குச் சீக்கியச் சாப்பாடு. இன்னொன்றுக்கு இங்கிலாந்து ஏழைத் தொழிலாளியின் சாப்பாடு. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட டீ, வேகவைத்த முட்டைகோஸும் உருளைக்கிழங்கும், டின் இறைச்சி, மலிவு ஜாம். முதல் கூட்டம் வளர்ந்தது, ஒன்றையொன்று சீண்டாமல் வாழ்ந்தது. இரண்டாம் கூட்டம் குறுகியது. மிரண்டது. தீனி வைக்க வந்த பணியாளர்களைக் கடித்தது. அறுபதாம் நாள் வாக்கில், தம்மில் நோஞ்சானாக இருந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கியது.

எந்தப் பணியாளர் கடிபட்டார், அவர் பெயர் என்ன என்று புத்தகத்தில் இல்லை. குன்னூர் குளிரில் விடிகாலையில் கூண்டு கழுவி, எலிக்குச் சப்பாத்தி இட்டு, எந்தக் கூண்டுக்குள் கைவிடுவதற்கு முன் யோசிக்க வேண்டும் என்று விரலால் கற்றுக்கொண்டவர் அவர். அந்தச் சோதனையின் முடிவு அச்சேறுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.

சாப்பாட்டுக் குறையால் புத்தி மாறுவது மனிதர்களுக்கும் நடந்தது. மக்காச்சோளத்தையே உண்டு வாழ்ந்த அமெரிக்கத் தென்மாநில ஏழைகளுக்குத் தோல் வெடிக்கும், வயிறு போகும், புத்தி பேதலிக்கும். பெலாக்ரா என்று பெயர். மனநோய் விடுதிகள் அவர்களால் நிரம்பின. தொற்றுநோய் என்றும், பரம்பரைக் கோளாறு என்றும் பெரிய மனிதர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் 1915இல் மிசிசிப்பி சிறைப் பண்ணையில் தன்னார்வக் கைதிகளுக்குச் சாப்பாட்டை மட்டும் மாற்றி நோயை வரவழைத்துக் காட்டினார். நயாசின்தான் விடுபட்ட பொருள் என்பது 1937இல் உறுதியானது. மக்காச்சோளத்தைப் பயிர்செய்யக் கற்றுத்தந்த மெக்சிகோ மக்களுக்கு மட்டும் இந்த நோய் அண்டவில்லை. அவர்கள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பார்கள். தானியத்துக்குள் பூட்டிக்கிடக்கும் நயாசின் அப்போது விடுபடும். பயிரை எடுத்துப்போனவர்கள் பக்குவத்தை விட்டுவிட்டுப் போனார்கள்.

மக்காச்சோளத்தைத் திட்ட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று பத்திக்காரர் கையைத் தேய்த்துக்கொள்ளும் நேரத்தில் சேலத்துக்காரர் ஒருவர் குறுக்கே வருகிறார். சி. கோபாலன். பிறந்தது 1918; குன்னூரில் அந்த ஓர் அறை திறந்த அதே ஆண்டு. சென்னையில் மருத்துவம் படித்து, லண்டனில் ஆய்வுப் பட்டம் வாங்கி, குன்னூர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, அது ஹைதராபாத்துக்குப் போனபின் அதன் இயக்குநரானவர். தக்காணத்தில் பெலாக்ரா வந்த ஏழைகள் மக்காச்சோளம் சாப்பிடவே இல்லை என்பதை அவரும் சகாக்களும் கவனித்தார்கள். அவர்கள் சாப்பிட்டது நம் பாட்டிகள் போற்றும் வெள்ளைச் சோளம். அதில் லூசின் என்ற அமினோ அமிலம் அதிகம்; உடம்பு தானே நயாசின் தயாரித்துக்கொள்வதை அது கெடுக்கிறது என்று கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அதன்மீது பின்னால் விவாதங்கள் நடந்தன, இன்னும் முழுக்க ஓயவில்லை. ஆனால் அந்தக் கூலித் தொழிலாளர்கள் தட்டில் சோளத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதில் விவாதம் இல்லை. பாலும் பருப்பும் கீரையும் கூட இருந்தால் சோளம் யாரையும் ஒன்றும் செய்யாது, மக்காச்சோளமும்தான். சிறுதானியத்தை மட்டும் தின்றால் ஆயுசு நூறு என்று யூடியூபில் சத்தியம் செய்கிறவர்கள் கோபாலனைப் படிப்பது நல்லது. அவர் நூறு வயதைத் தாண்டி, 2019 அக்டோபரில் சென்னையில் காலமானார்.

மறுபடி அல்சாஸுக்கு வந்தால், ஐரோப்பிய ஹாம்ஸ்டர் 2020இல் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அல்சாஸில் மக்காச்சோளத்துக்கு நடுவே வேறு பயிர்களும் போடச் சில விவசாயிகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் பார்க்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மெக்கரிசன் 1935 வரை குன்னூரில் இயக்குநராக இருந்தார். கூடம் 1958 வரை அங்கேயே இருந்தது. அங்கே எலிக்கூண்டு கழுவியவர்கள், தீனி சமைத்தவர்கள், நிறுவை பார்த்தவர்கள் படுகர்களாகவோ கோவைப் பக்கத்திலிருந்து மலையேறியவர்களாகவோ இருந்திருக்கலாம். அவர்களுடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இதைப் படித்தால், வீட்டில் ஒரு புகைப்படமோ, சம்பளச் சீட்டோ, "தாத்தாவ எலி கடிச்ச கதை"யோ இருந்தால், பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். ஸ்வீட்கார்ன் பற்றிய கடிதங்கள் அடுத்த மாதம் வரை பொறுக்கலாம்.